"அந்தக் காலத்துக்கு நல்ல கேம்" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

ஒன்பதாம் இடம். சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3-க்கு ஒன்பதாம் இடம்!

கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் போன ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை டீக்கடையில் உட்கார்ந்து, நின்டெண்டோவின் மேரியோ வீடியோ கேம் வரிசையில் எது சிறந்தது என்று தான் போட்ட பட்டியலைச் செல்போனில் காட்டினான். முதலில் ஒடிசி, பிறகு இரண்டு கேலக்ஸிகள், வொண்டர் என்று பின்னால் வந்த மேரியோ கேம்களாகவே போகிறது. விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனால்தான் 3 கண்ணில் படுகிறது. "என்னடா இது?" என்றேன். "மாமா, அந்தக் காலத்துக்கு அது நல்ல கேம்தான்" என்றான்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. அவன் ஒருவன் சொன்னால் சின்னப் பையன் என்று விட்டுவிடலாம். கூட வேலை பார்ப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆரியங்காவில் இருக்கும் நண்பனின் பிள்ளைகள் மலையாளத்தில் இதையே சொல்கிறார்கள். புளியரை தாண்டி மலையேறினால் பதிமூன்று கண் பாலம் இருக்கிறது. 1904-லிருந்து அந்தத் தடத்தில் ரயில் போகிறது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்த பிறகும் அதே பாலத்தின் மேல்தான் கொல்லம் ரயில் ஓடுகிறது. அதைப் பார்த்து "அந்தக் காலத்துக்கு நல்ல பாலம்" என்று எவனாவது சொல்கிறானா? தாங்குகிறதா இல்லையா என்றுதானே பார்க்க வேண்டும்?

"நீ 3-ஐ எதில் ஆடினாய்?" என்று கேட்டேன். செல்போனில்தானாம். கண்ணாடித் திரையில் வரைந்த பொத்தான்கள். செத்துவிட்டால் பின்னோக்கி ஓட்டி, செத்த இடத்துக்கு முந்தைய நொடியிலிருந்து மறுபடியும். இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிட்டானாம். அப்புறம் மிச்சத்தை வீடியோவில் பார்த்தானாம். சமைத்ததைப் படத்தில் பார்த்துவிட்டு உப்பு குறைவு என்று சொல்கிற கதையாக இருக்கிறது. மேரியோவின் உயிரே குதியில் இருக்கிறது. பொத்தானை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி, ஓடிவந்து குதித்தால் இன்னும் உயரம். அதை விரல் உணர வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் விரல் எதை உணரும்?

எங்கள் தெருவில் டிவி கேம் வந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். நின்டெண்டோ பெட்டியின் நகல்தான். கேசட்டின் மேல் தொண்ணூற்று ஒன்பது லட்சம் கேம் என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருக்கிற ஏழெட்டே திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று 1985-இல் வந்த முதல் மேரியோ. விளக்கப் புத்தகம் கிடையாது, சொல்லித்தர ஆள் கிடையாது, எங்களுக்கு ஆங்கிலமும் கிடையாது. ஆரியங்காவு நண்பனுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு மலையாளம் அரைகுறை. ஆனாலும் முதல் கட்டத்தை இருவரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டோம். எதிரே பழுப்பு நிறத்தில் ஒன்று நடந்து வருகிறது. பயந்து குதித்தால் தலை கேள்விக்குறிப் பெட்டியில் இடிக்கிறது. காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடுகிறது, குழாயில் முட்டிக்கொண்டு நம்மைப் பார்த்தே திரும்பி வருகிறது. தப்பிக்க நினைத்தாலும் மேலே செங்கல், இடமில்லை. அது தொட்டதும் மேரியோ வளர்ந்துவிடுகிறான். ஒரு சொல்கூட இல்லாமல் பாடம் முடிந்துவிட்டது! இதை, அந்த கேமை உருவாக்கிய மியாமோட்டோவும் தெசுகாவும் 40 கிலோபைட்டுக்குள் செய்தார்கள்.

3-ஐ நான் முதலில் பார்த்தது புனலூரில். வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் தனிக் கேசட்டாக இருந்தது. அதற்காகவே விடுமுறையில் ரயில் ஏறிப் போவோம். ஜப்பானில் 1988-இல் வந்த விளையாட்டு. அதில் பெட்டியை இடித்தால் வரும் ஓர் இலை இறங்கும் அழகை மட்டும் சொல்கிறேன். காளான்போலத் தரையில் ஓடாது. காற்றில் இடமும் வலமும் ஆடி ஆடி இறங்கும், அது எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து நாம் போய் நிற்க வேண்டும். எடுத்தால் வால் முளைக்கும். ஓடும் பொத்தானை விடாமல் ஓடினால் திரையின் கீழே அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக நிறையும், கடைசியில் "பி" மின்னும், அப்போது குதித்தால் பறக்கலாம். முதல் கட்டத்திலேயே அதற்கென்று நீளமாக ஓட இடம் விட்டிருக்கிறார்கள். மேலே போனால் மேகத்தினூடே காசுகள். முதல் தடவை அங்கே போனபோது என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

பல கட்டங்கள் சேர்ந்தது ஓர் உலகம். ஐந்தாம் உலகத்தின் மூன்றாம் கட்டத்தில் ஒரு பச்சைக் காலணி வரும். அதற்குள் ஏறிக்கொண்டால் முள்ளின் மேலேயே குதித்துப் போகலாம். அந்த ஒரே கட்டத்தில்தான். அதன் பிறகு விளையாட்டு முழுக்க அது கிடையாது. இன்றைக்கு யாருக்காவது அந்தத் துணிச்சல் இருக்கிறதா? ஒடிசியில் நாம் சேர்க்க வேண்டியது நிலா, எதைத் தட்டினாலும் அது கொட்டுகிறது. செத்தால் பத்துக் காசு போகும், அவ்வளவுதான். தொப்பியை எறிந்து அதன் மேலேயே ஏறிக் குதிக்கும் வித்தை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் சூப்பர் மேரியோ 64-இல் ஒரு நட்சத்திரம் கிடைத்தால் அது ஒரு நாளின் சம்பாத்தியம். மொத்தமே 120. ஒடிசியில் எத்தனையாவது நிலா என்று எனக்கு எண்ணவே தோன்றவில்லை.

3-ஐ நடுவில் சேமித்து வைக்க முடியாது. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. எட்டாம் உலகத்தின் பீரங்கி வண்டிகள் வரை போய் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அழுதிருக்கிறேன். மறுநாள் காலையில் முதல் கட்டத்திலிருந்து மறுபடியும் ஆடினேன், சலிக்கவில்லை. முப்பது வருடம் கழித்தும் சலிக்கவில்லை. இதற்குப் பெயர் "அந்தக் காலத்துக்கு" நல்லதா?

விற்பனையைக் காட்டி வாயடைக்க வருகிறார்கள். நியூ சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீ என்ற கேம் மூன்று கோடி விற்றது. தங்கை மகன் பட்டியலில் மேலே இருக்கும் முதல் கேலக்ஸி அதில் பாதிகூட இல்லை. அப்படியானால் எது மேல்? அந்தக் கேள்விக்குப் பதில் வராது.

என் வரிசையில் 3 முதலிடம். அடுத்து 1990-இன் சூப்பர் மேரியோ வேர்ல்ட். கட்டங்களிலிருந்து வெளியேற இருக்கும் 96 வழிகளையும் ரகசியங்களையும் மீறி அது இரண்டாம் இடம்தான், ஏனென்றால் இறக்கைத் துணி கிடைத்தால் பாதிக் கட்டங்களைப் பார்க்காமலே பறந்து கடந்துவிடலாம். மூன்றாவது, முதல் மேரியோ. அதன் பிறகு, உருண்டைக் கோள்களைச் சுற்றி ஓடவைத்த கேலக்ஸி. பிறகு 64, அதன் கேமரா படுத்தும் பாட்டையும் பொறுத்துக்கொண்டு. ஒடிசி ஆறாவது. வொண்டர் நன்றாக இருக்கிறது, சன்ஷைன் என்ற மேரியோ கேமை நான் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் விட்டுவிட்டேன்.

இதில் யாரும் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆடிவிட்டுச் சண்டை போடட்டும், விடிய விடியப் பேசுகிறேன். பழைய பெட்டி இன்னும் என் வீட்டில் ஓடுகிறது, கேசட்டும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை மகனை வரச் சொல்லியிருக்கிறேன். பின்னோக்கி ஓட்டுவது கிடையாது, கையில் நிஜப் பொத்தான். மூன்றாம் உலகம் வரை அவன் போகட்டும். அதுவரை அந்தப் பட்டியலை என் முன்னால் எடுக்கக் கூடாது.