யூஎஸ்பியைப் பற்றவைத்தால் போதாது, அண்ணா

"டிஐ-83 பிளஸ் கால்குலேட்டருக்கு நிரல் ஏற்ற, காந்திபுரத்தில் 2.5 மில்லிமீட்டர் ஹெட்போன் கேபிள் வாங்கி மறுமுனையில் யூஎஸ்பி பிளக்கைப் பற்றவைத்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஜாக்கின் அளவு சரிதான். ஆனால் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்திடமிருந்து 1999இல் வந்த அந்தக் கருவிக்கு யூஎஸ்பி தெரியாது. அதன் துளையில் இருப்பவை இரண்டு தரவுக் கம்பிகளும் ஒரு தரைக்கம்பியும்தான். நிரல் பூஜ்யம், ஒன்று என்ற பிட்களாகப் போகும்: பூஜ்யத்தை அனுப்ப, அனுப்பும் கருவி ஒரு கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும்; ஒன்றை அனுப்ப மற்றொரு கம்பியை. பெறும் பக்கம் எதிர்க்கம்பியை இழுத்து "வந்துவிட்டது" என்று சொன்ன பிறகுதான் அடுத்த பிட் கிளம்பும். இந்தப் பேச்சைக் கணினியின் யூஎஸ்பி மொழிக்கு மாற்ற நடுவில் ஒரு சில்லு வேண்டும். கால்குலேட்டரைக் கணினியோடு இணைக்கும் டிஐயின் சில்வர்லிங்க் கேபிளுக்குள் இருப்பது அதுதான். வெறும் கம்பியில் அது இல்லை. யூஎஸ்பியின் 5 வோல்ட் கம்பி ஜாக்கில் தரையோடு உரசினால் கணினியின் போர்ட்டே கெடலாம்.

2004இல் வந்த டிஐ-84 பிளஸில் மினி யூஎஸ்பி துளை உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

நீங்கள் சொன்ன கேபிள் வீணல்ல: இரு முனையிலும் 2.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக் இருந்தால் ஒரு டிஐ-83 பிளஸிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை அனுப்பலாம். கோவையில் ஒருவரிடம் சில்வர்லிங்க் இருந்தால், பொள்ளாச்சி, திருப்பூர் நண்பர்கள் அவர் கால்குலேட்டரிலிருந்தே நகலெடுத்துக்கொள்ளலாம். சில்வர்லிங்க் வழியாக நிரலை ஏற்ற, கணினியில் டிஐஎல்பி என்ற இலவச மென்பொருள் போதும்.