வாடகைக் கப்டனுக்கு யார் பொறுப்பு?

மட்டக்களப்பின் திமிலைதீவு விமான நிலையத்தின் படத்தை யாராவது முகநூலில் போட்டால் போதும், கீழே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி, "எப்ப கொழும்புக்கு ஒவ்வொரு நாளும் ஃப்ளைட்?" என்று கேட்கும். மற்றக் கட்சி, "விட்டாலும் ஓட்டுறதுக்கு நம்மட ஆளா இருக்கு? வெளிநாட்டுக்காரனக் கூலிக்குப் பிடிப்பாங்கள். அதில ஏறுறத விட இரவு மெயில் ரயிலில குந்திக்கொண்டு போகலாம்" என்று எழுதும். போன கிழமை அந்தச் சண்டைக்குள் நானும் தலையைக் கொடுத்துவிட்டேன். நாலு வரியில் முடிகிற விசயம் இல்லை, அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

1958 இல் திறந்த நிலையம் அது. 1983 இல் விமானப்படையின் கைக்குப் போனது. 2016 இல் உள்நாட்டு விமான நிலையமாகத் திரும்பத் திறந்தார்கள். சிறிய செஸ்னா விமானம் வந்து போனதை வலையிறவுப் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு ஒரு கம்பனி கொஞ்சம் பெரிய விமானத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓட்டுபவர் நேபாளமோ, உக்ரைனோ, பிரேசிலோ, எந்த நாட்டவராகவும் இருக்கலாம். எனக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

வெளிநாட்டுக் கப்டன் (தலைமை விமானி) என்றதும் முகம் சுளிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு நம் நாட்டு விமானிகள் பலர் கல்ஃப் கம்பனிகளுக்குப் போனார்களே, அங்கே அவர்கள் யார்? அங்குள்ள பயணிக்கு நம்மட ஆள்தான் வெளிநாட்டுக்காரன். மாலைதீவின் கடல் விமானங்களைக் கனடாக்காரர்கள் வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள். இந்தத் தொழில் அப்படித்தான் ஓடுகிறது. கப்டனை அவசரத்துக்கு உருவாக்க முடியாது. வர்த்தக விமானி லைசன்சுக்கே ஏறத்தாழ 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும், பெரிய விமானத்தில் கப்டனாக அமர்வதற்கான லைசன்சுக்கு 1500. அதற்கு மேல் ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சி. ஒரு கம்பனி புது விமானம் வாங்கினால், அதை ஓட்டத் தெரிந்தவர் உள்ளூரில் இல்லை என்றால், வெளியிலிருந்துதான் எடுப்பார்கள். அப்படி எடுப்பது ஆபத்தைக் குறைக்கவும் செய்யும். அனுபவம் இல்லாத உள்ளூர்க்காரரை விட, அந்த விமானத்தில் ஐயாயிரம் மணித்தியாலம் பறந்த வெளியூர்க்காரர் எனக்குச் சம்மதம்.

ஆனால் அவர் இங்கே பறக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நம் நாட்டில் யாரோ ஒருவர் பெயரோடும் கையெழுத்தோடும் பொறுப்பாக இருக்க வேண்டும். தற்காலிகம் என்றால் அது முடிகிற திகதி பயணிக்கும் தெரிய வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இது ஏன் லேசான காரியம் இல்லை என்பதைத்தான் இனி எழுதுகிறேன்.

வெளிநாட்டு விமானி உள்ளூர் விமானத்துக்குள் வர இரண்டு வழி இருக்கிறது. முதலாவது வழியில் ஆள் மட்டும் வருவார். விமானம் இலங்கைப் பதிவு, அவருடைய லைசன்ஸ் வேறு நாட்டுடையது. 1944 இன் சிக்காகோ உடன்படிக்கைப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவோ அந்த நாடு விமானியின் லைசன்சைத் தானே வழங்கியிருக்க வேண்டும், அல்லது பிறர் வழங்கியதைச் செல்லுபடியாக்க வேண்டும். நம் நாட்டில் அந்தப் பொறுப்பு கட்டுநாயக்கவில் இருக்கும் சிவில் விமான சேவை அதிகாரசபையினுடையது. செல்லுபடியாக்கும் அந்தக் கடதாசிக்குச் சொந்த உயிர் கிடையாது. மூல லைசன்ஸ் காலாவதியானால் இதுவும் காலாவதி, அங்கே இரத்தானால் இங்கேயும் இரத்து. அப்படியென்றால் அங்கே நடப்பதை இங்கிருப்பவர் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை முத்திரை குத்தி அலுமாரியில் வைக்கிற கோப்பு இல்லை அது.

இரண்டாவது வழியைத் தொழிலில் 'வெட் லீஸ்' என்பார்கள். விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் ஒரே பொதியாக வாடகைக்கு வரும். டிக்கட்டில் உள்ளூர்க் கம்பனியின் பெயர், விமானத்தின் வாலில் வேறொரு நாட்டின் பதிவு எழுத்து. பெரும்பாலும் லைசன்சையும் பராமரிப்பையும் கண்காணிக்கிற கடமை அந்தத் தூர நாட்டுக்கே போய்விடும். இரண்டு அரசுகளும் தனியாக ஒப்பந்தம் எழுதினால் கடமையை இங்கே மாற்றலாம். உடன்படிக்கையில் அதற்கென்றே 83 பிஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது. எழுதாவிட்டால் இரத்மலானையில் நிற்கும் விமானத்துக்குப் பொறுப்பான அதிகாரி எங்கோ பல்லாயிரம் மைல் தள்ளி இருப்பார்.

தமிழ் ஆட்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்டனோவ் 24, மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள். அந்த விமானம் பெலாரஸ் நாட்டின் கோமெலாவியா கம்பனியிடமிருந்து எடுத்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டது, விமானியின் பிழை இல்லை, அந்தப் பழியை அவர் மேல் போட நான் வரவில்லை. கடலுக்கடியில் உடைந்த பாகங்களைக் கண்டெடுக்கவே 2012 ஆகிவிட்டது. தரைப்பாதை அடைபட்டிருந்த காலத்தில் நம் சனம் எந்த நாட்டு விமானத்தில், யாருடைய பொறுப்பில் ஏறுகிறோம் என்று தெரியாமலே ஏறியது. வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது, கேட்கலாம்.

நான் கல்ஃபில் ஒரு விமான நிலையத்தில் தரைச்சேவைப் பகுதியில் வேலை செய்தவன். பெட்டி ஏற்றுவது, சில்லுக்குக் கட்டை வைப்பது, ஏணி தள்ளுவது. ஹஜ் சீசனில் முழு வெள்ளையாக, எந்தப் பெயரும் இல்லாத விமானங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றின் கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர், இன்ன கம்பனியால் இயக்கப்படுகிறது என்று. ஏணியில் ஏறுகிற பயணி குனிந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் குழுவில் ஏறாவூர்க் காக்கா ஒருவர் இருந்தார். "தம்பி, ப்ளேனும் வாடகை, ஓட்டுற ஆளும் வாடகை. அதில ஒட்டியிருக்கிற பேர் மட்டுந்தான் சொந்தம்" என்பார். ஒருநாள் விடியற்காலை அப்படியொரு விமானத்தின் கப்டன் கீழே இறங்கி வந்து, எரிபொருள் சிட்டையில் கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்துவிட்டு, திகதி எழுதும் இடத்தில் நின்றுவிட்டார். "இன்றைக்கு என்ன திகதி?" என்று காக்காவிடம் கேட்டார். காக்கா சொன்னார், அவர் எழுதினார், மேலே ஏறிப் போனார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. நல்ல மனிதர், எங்களுக்கு நன்றி சொல்லாமல் போகமாட்டார். அவர் கடைசியாக எங்கே, எப்போது படுத்தார் என்று கேட்கிற அதிகாரம் உள்ள ஒருவரும் அந்த நேரத்தில் அந்தத் தரையில் நிற்கவில்லை.

இதை வாசிக்கும்போது மங்களூர் ஞாபகம் வருகிறவர்கள் இருப்பீர்கள். 2010 மே 22, டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மலையுச்சியைச் சீவிக் கட்டிய ஓடுபாதையின் முடிவையும் தாண்டிப் போய் எரிந்தது. 166 பேரில் 8 பேர்தான் தப்பினார்கள். பெரும்பாலும் நம்மைப் போல கல்ஃபில் உழைத்துவிட்டு வீட்டுக்குப் போன சனம். கப்டன் செர்பியாவைச் சேர்ந்தவர், பத்தாயிரம் மணித்தியாலத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. பயணத்தின் பெரும்பகுதி அவர் நித்திரை. குறட்டைச் சத்தம்கூட ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்திருந்தது. இறங்குகிற உயரமும் வேகமும் பிழை என்று கண்ட இந்தியத் துணை விமானி, இறங்காமல் திரும்ப மேலே போவோம் என்று மூன்று தடவை சொன்னார். கப்டன் கேட்கவில்லை.

இந்தியாவில் அப்படியான வெளிநாட்டு விமானிகளுக்கென்றே ஃபாட்டா என்ற தற்காலிக அனுமதி முறை இருக்கிறது. மங்களூர்க் கப்டனின் கடதாசியில் குறை இருக்கவில்லை. கடதாசிக்கு வெளியே இருக்கிற இரண்டு விசயத்தில்தான் அடி விழுந்தது. ஒன்று களைப்பு. மற்றது, பக்கத்தில் இருக்கும் இளையவர் "வேண்டாம் சேர்" என்று சொன்னால் அது ஏறுமா என்பது. ஒப்பந்தத்தில் வருகிற வெளிநாட்டவர் பலர் சில கிழமை வேலை, சில கிழமை சொந்த ஊர் என்று மாறி மாறிப் பறப்பவர்கள். வேலை தொடங்க முதலே பாதி உலகத்தைக் கடந்து வந்து இறங்கியிருப்பார்கள். கடந்த 28 நாளில் வேறொரு கம்பனிக்கு எத்தனை மணித்தியாலம் பறந்தார் என்பதை அவருடைய பதிவேட்டை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். துணை விமானி நம்மட பெடியனாக இருந்தால், தன்னை விட இருபது வயது மூத்த, மொழியும் வேறான ஒருவரை மறித்துப் பேசும் துணிவைப் பயிற்சியில்தான் ஊட்ட வேண்டும். நம் வளர்ப்பில் பெரியவரை எதிர்த்துப் பேசாதே என்பதுதானே முதல் பாடம்!

கடதாசியையும் முழுதாக நம்ப முடியாது. 2020 இல் கராச்சி விபத்துக்குப் பிறகு பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர் தன் நாட்டுப் பாராளுமன்றத்திலேயே எழுந்து, 860 விமானிகளில் 262 பேரின் லைசன்சில் சந்தேகம் இருக்கிறது என்றார். ஐரோப்பா பாகிஸ்தான் சர்வதேச விமான சேவைக்குக் கதவைச் சாத்தியது, 2024 இன் இறுதியில்தான் திறந்தது. வேறு நாடுகளில் வேலை செய்த பாகிஸ்தான் விமானிகளைப் பல கம்பனிகள் தரையில் இறக்கின. வியட்நாமும் அப்படிச் செய்தது, விசாரித்ததில் அங்கே இருந்தவர்களின் லைசன்ஸ்கள் சரியானவை என்று தெரிந்தது. ஒரு குற்றமும் செய்யாத மனிதர்கள் நாட்டின் பெயருக்காக வீட்டில் இருந்தார்கள். அனுமதி கொடுக்க முதலே மூல நாட்டிடம் ஒவ்வொரு லைசன்சாக எழுதிக் கேட்டு உறுதிப்படுத்தியிருந்தால் அந்த அவமானம் தேவைப்பட்டிருக்காது. கடுமையான மேற்பார்வை நேர்மையான வெளிநாட்டு விமானிக்கும் பாதுகாப்புத்தான்.

சவூதிக்கு ஹெவி ட்ரைவராகப் போன நம்மட ஊர் ஆட்களைக் கேளுங்கள். இங்கே இருபது வருசம் பஸ் ஓட்டியவரும் அங்கே போய் மெடிக்கல் எடுத்து, திரும்ப டெஸ்ட் ஓடி, அவர்கள் தருகிற லைசன்சை எடுத்தாக வேண்டும். யாரும் அதை அவமானம் என்று சொல்வதில்லை.

தற்காலிகம் எப்படி நீளும் என்பதற்கு இன்னொரு உதாரணம். இண்டிகோ நிறுவனம் துருக்கி எயார்லைன்ஸிடமிருந்து இரண்டு போயிங் 777 விமானங்களை விமானிகளோடு எடுத்திருந்தது. 2025 மே மாதம் இந்திய ஒழுங்குபடுத்துநர், இது ஒரேயொரு கடைசி நீட்டிப்பு என்று சொல்லி ஓகஸ்ட் 31 வரை அனுமதித்தார். ஓகஸ்ட் முடிய முதல் அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை இன்னொரு நீட்டிப்பு. அதே வருசம் டிசம்பரில், விமானிகளுக்கு வாராந்த ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக்கிய புதிய விதிகளுக்குப் போதிய ஆள் வைத்திராமல் அதே கம்பனி ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்தது. சென்னையிலும் திருச்சியிலும் மாட்டுப்பட்ட நம்மட ஆட்கள் சிலரும் இருந்தார்கள். முடிவில் வளைந்தது விதிதான். களைப்பைத் தடுக்கப் போட்ட கட்டுப்பாட்டில் அந்தக் கம்பனிக்குத் தற்காலிக விலக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நாட்டின் அதிகாரசபைக்கே இந்த நிலை என்றால், ஒரு சில விமானம் மட்டும் வைத்திருக்கும் உள்ளூர்க் கம்பனி "இந்தக் கப்டன் இல்லாவிட்டால் மட்டக்களப்பு சேவையையே நிறுத்த வேண்டிவரும்" என்று சொல்லும்போது நம் அதிகாரி என்ன செய்வார்? எம்பிமாரும் தொலைபேசி எடுப்பார்கள். நாமும் முகநூலில் அதிகாரியைத்தான் திட்டுவோம்.

இதற்குள் இன்னொரு சிக்கல். விமானியைப் பரீட்சிக்கிறவர் அதே வகை விமானம் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அரசாங்கச் சம்பளத்தை விடக் கம்பனி பல மடங்கு கொடுக்கும். அதனால் உலகம் முழுக்க ஒழுங்குபடுத்தும் சபைகளில் பறக்கத் தெரிந்த பரிசோதகர்களுக்குத் தட்டுப்பாடு. சில இடங்களில் கம்பனியின் மூத்த விமானியையே அரசு பரிசோதகராக நியமிக்கும். முறை சட்டபூர்வமானது, பல நாட்டில் நடப்பது. ஆனால் வாடகைக்கு வந்த கப்டனை அதே கம்பனியின் ஆள் பரிசோதித்து, பெயிலாக்கினால் நாளைய பறப்பு நிற்கும் என்று தெரிந்தே மார்க் போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. விமானிக்கு வருடத்தில் இரண்டு தடவை திறன் பரிசோதனை கட்டாயம். அதில் ஒன்றையாவது சபையின் சொந்த ஆளோ பக்கத்து நாட்டுச் சபையிடம் இரவல் வாங்கிய ஆளோ செய்யட்டும்.

டிக்கட் விலை கூடும் என்பார்கள். கொஞ்சம் கூடும், கூடட்டும். உள்ளூர்ப் பெடியன்களுக்கு வேலை போகும் என்ற முறைப்பாட்டில் எனக்குப் பாதி உடன்பாடு. வீட்டை ஈடு வைத்து லைசன்ஸ் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளை கல்லடியிலும் உண்டு, கல்முனையிலும் உண்டு. அவனை நாளைக்கே கப்டனாக்க முடியாது. ஆனால் வெளிநாட்டுக் கப்டனுக்கு அனுமதி நீட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து பழகிய உள்ளூர் ஆள் எத்தனை மணித்தியாலம் சேர்த்திருக்கிறார் என்று கணக்குக் காட்டச் சொல்லலாமே.

சரி, கத்திப் பலனில்லை, செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் அதிகாரசபைக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நான் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். உள்நாட்டுச் சேவையில் இப்போது செல்லுபடியாக்கிய வெளிநாட்டு லைசன்ஸ் எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் திகதியில் முடிகிறது? வழங்க முதல் மூல நாட்டிடம் எழுத்தில் உறுதிப்படுத்தியது எத்தனைக்கு? கடந்த பன்னிரண்டு மாதத்தில் அவர்களைச் சபையின் சொந்தப் பரிசோதகர் நேரில் பரிசோதித்தது எத்தனை தடவை? யாருடைய பெயரும் கேட்கவில்லை, தனிப்பட்ட விபரம் என்று தட்டிக் கழிக்க இடம் வைக்கவில்லை. நாலாவது கேள்வி ஏதும் தோன்றினால் கீழே எழுதுங்கள், திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன்.