மேட்ச் டிக்கெட்லயே ட்ராம் காசும் சேர்ந்திருக்கணும்

ஒரு ஊர் பெரிய விழா நடத்துதுன்னா டிக்கெட் வாங்கினவங்க அங்க போய் வர்ற பஸ், ட்ராம் செலவையும் அந்த டிக்கெட்டுக்குள்ளயே அடக்கிடணும், இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஜெர்மனில இது ரொம்ப காலமா இருக்கு, கோம்பி டிக்கெட்னு சொல்வாங்க. புண்டஸ்லிகா (அந்த ஊர் ஃபுட்பால் லீக்) மேட்ச், கச்சேரின்னு நிறைய டிக்கெட்ல பொடி எழுத்துல போட்டிருக்கும், இதைக் காட்டியே அந்த வட்டாரத்து வண்டில போய்க்கலாம்னு. விழா நடத்துறவங்க டிக்கெட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகைய போக்குவரத்து நிறுவனத்துக்குக் கட்டிடுவாங்க, எல்லாத் தலையிலயும் பிரியறதால ஆளுக்கு விழுறது கம்மி. அப்போ கார்ல வர்றவன் எதுக்கு சார் கட்டணும்னு கூட வேலை பாக்குற நம்மாளு ஒருத்தர் கேட்டார். அவருக்குப் பார்க்கிங் கிடைக்கிறதே மத்தவன்லாம் ட்ராம்ல வர்றதாலதான்னு சொன்னேன், ஒத்துக்கல.

ஜெர்மனில நடந்த 2024 யூரோ ஃபுட்பால் கோப்பைக்கும் இதையே பெருசா பண்ணாங்க. பத்து ஊர்ல ஆட்டம், டிக்கெட் இருந்தா ஆட்டத்தன்னிக்குக் காலைல 6 மணிலேர்ந்து மறுநாள் சாயங்காலம் 6 மணி வரைக்கும், மொத்தம் 36 மணி நேரம் லோக்கல் வண்டி ஃப்ரீ. (நாடு முழுக்க லோக்கல் வண்டில போற மாச பாஸ், அப்போ 49 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட், என்கிட்ட ஏற்கனவே இருந்ததால எனக்கு இதுல பைசா லாபமில்ல, அது வேற கதை.)

அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். போட்டிய எங்களுக்குக் குடுங்கன்னு கேக்கும்போது டிக்கெட் வச்சிருக்கவங்களுக்குப் பயணம் இலவசம்னு சொல்லிட்டு, அப்புறம் செலவக் காரணம் காட்டிக் கைவிட்டாங்க. சரி போகட்டும்னா, ஜூலை 20லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் 2.15 யூரோ மெட்ரோ டிக்கெட்ட 4 யூரோவாக்கி வச்சாங்க! எக்ஸ்ட்ரா வண்டிக்கான செலவ வெளியூர்லேர்ந்து வர்றவங்க ஏத்துக்கட்டும், தினம் போய் வர்ற உள்ளூர் மக்கள் தலையில ஏன் கட்டணும்னு பாரிஸ் இருக்கற மாகாணத்தோட தலைவர் வலேரி பெக்ரெஸ் தரப்பு சொன்னது. மாச பாஸ் வச்சிருந்தவங்களுக்கு விலை ஏறலங்கறது உண்மைதான். ஆனா எப்பவாவது மெட்ரோ ஏறுற உள்ளூர்க்காரங்கள, ஜூலை 20க்கு முன்னாடியே பழைய விலைல டிக்கெட் வாங்கி வீட்ல வச்சுக்கோங்கன்னு சொன்னாங்களே, அரிசி விலை ஏறப்போகுதுன்னு மூட்டை வாங்கி அடுக்குற மாதிரி, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

இவ்வளவு சொல்லிட்டு ஜெர்மனி பக்கத்து லட்சணத்தையும் சொல்லணும்ல. யூரோல ஜூன் 16, கெல்சன்கிர்ஷன்ங்கற ஊர்ல இங்கிலாந்து செர்பியா ஆட்டம், ராத்திரி 9 மணிக்குத்தான் ஆரம்பம். ஸ்டேடியம் ஊருக்கு வடக்கால இருக்கு, மெயின் ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முக்கியமா நம்பினது 302ன்னு ஒரே ஒரு ட்ராம் லைன். அம்பதாயிரம் பேர் கொள்ளுற ஸ்டேடியம் ஒரே நேரத்துல காலியானா என்ன ஆகும்? என்ன ஆகுமோ அதான் ஆச்சு, ட்ராமுக்கு நின்னு நின்னு அலுத்துப்போய் நிறைய பேர் இருட்டுல நடந்தே போனாங்க. ஃப்ரீ பாஸ் பாக்கெட்ல பத்திரமா இருந்துச்சு. போட்டிய நடத்துன பிலிப் லாமே ட்ரெயின் லேட்டாகி டுசல்டார்ஃப் ஆட்டத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரல. நெதர்லாந்து டீம் அரையிறுதிக்காக டார்ட்முண்ட் வர வேண்டிய ட்ரெயின் கேன்சலாகி கடைசில ஃப்ளைட்ல வந்தாங்க. ரயில் பாதைகள வருஷக்கணக்கா சரியாப் பராமரிக்காம விட்டா விழா மாசத்துல மட்டும் அது எப்படி ஒழுங்கா ஓடும்?

பாரிஸ்ல காச வாங்கினாலும் வண்டிய விட்டாங்க, ஒலிம்பிக்ஸுக்கு ஒரு மாசம் முன்னாடியே 14ஆம் மெட்ரோ லைன ஓர்லி ஏர்போர்ட் வரைக்கும் நீட்டி ஜூன் 24 அன்னிக்கே திறந்துட்டாங்க. அதுக்கு முழு மார்க். இருந்தாலும் 4 யூரோ 4 யூரோதான், அத மன்னிக்க மாட்டேன்.

அடுத்த யூரோ 2028ல பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும். லண்டன், கார்டிஃப், நியூகாசில், டப்ளின்னு ஆட்டம் பிரிஞ்சு கெடக்கு, இங்கிலாந்துல கடைசி நேரத்துல ரயில் டிக்கெட் எடுத்துப் பாத்தவங்களுக்குத் தெரியும் நான் எதுக்கு இப்பவே புலம்புறேன்னு. அங்க இருக்கற நம்ம ஆளுங்க யாராவது சொல்லுங்க, மேட்ச் முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு வெளிய வந்தா நியூகாசில்லேர்ந்து திரும்பி வர வண்டி இருக்கா, இல்ல அங்கயே ரூம் போட்டுடணுமா?