கருவியில்தான் கோளாறு

(தென்காசியில் ஒரு மருந்துக்கடை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பெட்டியோடு மேசைமேல் வைக்கிறார் பரமசிவம்.)

பரமசிவம்: தம்பி, இந்தக் கருவிக்கு நாணயமே இல்லை. காலையில் எழுந்ததும் 128 என்று காட்டியது. திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு பீடியைக் குடித்துவிட்டு மறுபடியும் கட்டிப் பார்த்தால் 138 என்கிறது. நாடித்துடிப்பும் 74-லிருந்து 90-க்குத் தாவிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கடைக்காரர்: கருவி உள்ளதைத்தான் சொல்கிறது, அண்ணாச்சி. புகையை இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடும். நரம்புகளையும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியையும் அது தூண்டிவிடுவதால் இதயம் வேகமாக அடிக்கும், இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். தெருநாய் துரத்தும்போது சுரக்கிற அதே அட்ரினலின்தான் உங்களுக்குத் திண்ணையில் சாய்ந்தபடியே சுரக்கிறது.

பரமசிவம்: ஓடாமலேயே ஓடிய பலன் கிடைக்கிறது என்கிறீர்கள். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கடைக்காரர்: நடக்கும்போது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் விரிந்துகொடுக்கும். நிக்கோட்டினோ இதயத்திடம் கூடுதல் வேலையை வாங்கிக்கொண்டு, அதே நேரத்தில் அந்தக் குழாய்களைச் சுருக்கிக் கூலியையும் குறைத்துவிடும். உங்கள் விரல்கள் எப்படிச் சில்லிட்டிருக்கின்றன, பாருங்கள்! தோலில் ஓடும் சிறு குழாய்கள் சுருங்கியதன் அடையாளம் அது.

பரமசிவம்: அது குற்றாலச் சாரல், தம்பி.

கடைக்காரர்: பங்குனி வெயிலில் ஏது சாரல்?

பரமசிவம்: சரி, நான் குடித்தது ஒன்றே ஒன்றுதானே?

கடைக்காரர்: நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

பரமசிவம்: அப்படியானால் மீதி 19-க்கும் சேர்த்தே இன்னொரு பாதிதானா? மொத்தமாக வாங்குகிறவனுக்குத்தான் இலாபம் என்று தெரிந்திருந்தால் இத்தனை நாள் சிக்கனம் பிடித்திருக்க மாட்டேனே!

கடைக்காரர்: (நெற்றியைப் பிடித்துக்கொண்டு) புகையில் நிக்கோட்டின் மட்டுமா இருக்கிறது? கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது பற்றிக்கொள்வதால், அவசரமாக ஓடும் இதயத்துக்கு ஆக்சிஜனும் குறைவாகவே கிடைக்கிறது.

பரமசிவம்: அங்கேதான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்! கொரோனாக் காலத்தில் உங்களிடம் வாங்கிய, ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் கருவி, பீடி குடித்த பிறகும் 98 என்றுதான் காட்டுகிறது. அதுவல்லவா நாணயமான கருவி!

கடைக்காரர்: ஏமாந்திருப்பது அதுதான், அண்ணாச்சி. கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கும் ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியிருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. நீங்கள் திட்டுகிற கருவி உண்மை பேசுகிறது. நீங்கள் மெச்சுகிற கருவி ஆள் மாறாட்டத்தில் சிக்கியிருக்கிறது. பீடியை விட்டுப் பாருங்கள், 20 நிமிடங்களிலேயே நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும். ஓராண்டு தாண்டினால் அந்தக் கூடுதல் இதயநோய் அபாயம் பாதியாகிவிடும்.

பரமசிவம்: (வெகுநேரம் யோசித்து) ஆக, இந்தக் கருவி பார்த்ததை அப்படியே சொல்லிவிடும், அந்தக் கருவி எதைக் கண்டாலும் 98 என்றே சொல்லும். அப்படித்தானே?

கடைக்காரர்: உங்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய அப்படித்தான்.

பரமசிவம்: அப்படியானால் இதை எடுத்துக்கொண்டு விரல் கருவி இன்னொன்று கொடுங்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு மருமகள் வருகிறாள், அவள் நர்சு.

கடைக்காரர்: அவள் நர்சு என்றால், முதலில் உங்கள் சட்டைப்பையைத்தான் பார்ப்பாள், அண்ணாச்சி.