காகிதத்தில் மட்டும்தானா?

சனிக்கிழமை கலந்துரையாடலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காணொளிகூடச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "தமிழ் இங்கே சிங்கப்பூரில் அதிகாரத்துவ மொழி, அரசு ஏற்ற மொழி என்பதெல்லாம் சும்மா ஒத்துக்கொண்ட விஷயம். நிஜத்தில் ஒன்றும் இல்லை" என்றார் மேடையில் பேசிய ஒரு தம்பி. கூட்டத்தில் கை தட்டினார்கள்.

ஒத்துக்கொண்டதுதான் தம்பி, நான் மறுக்கவில்லை. ஒத்துக்கொண்டது எப்படிப் பொய்யாகும்?

உங்கள் பர்சில் இருக்கும் பத்து வெள்ளி, அதாவது பத்து டாலர், நோட்டும் ஒத்துக்கொண்டதுதான். 1967இல் செய்த உடன்பாட்டால் அதை இன்றும் புருணையில் நீட்டினால் அதே மதிப்புக்கு வாங்கிக்கொள்கிறார்கள். மலேசியாவும் அதில் இருந்தது, 1973இல் விலகியது. அதோடு எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் நம் வெள்ளிக்கும் அவர்கள் பணத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு முடிந்தது. ஒத்துக்கொண்டால் இருக்கிறது, கைவிட்டால் போகிறது. அந்த நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் அச்சிட்டிருப்பதைத் தம்பி பார்த்திருப்பார்தானே?

என் அப்பா கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் படிக்க வராது. பலகையில் 'அபாயம்' என்று தமிழில் எழுதியிருந்ததால் அவர் ஒதுங்கி நடந்தார். வீட்டுக்கு முழுசாக வந்தார். 1965இல் சட்டத்தில் நான்கு மொழிகளில் ஒன்றாகத் தமிழை வைத்தார்களே, அதன் நீட்சிதான் அந்தப் பலகை. இதைப் போய் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு வலிக்காதா?

"மழை பெய்வதும் சட்டம் போடுவதும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. மழைக்கு நம் சம்மதம் தேவையில்லை, இதற்குத் தேவை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"வீட்டில் யார் தமிழ் பேசுகிறார்கள்?" என்றும் கேட்பீர்கள். சரி, இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. ஆனால் இது அந்தத் தம்பியின் கட்சிக்குச் சாதகமா? ஒத்துக்கொண்டதைத் தினமும் பேசிக் காப்பாற்ற வேண்டும் என்றுதானே நானும் கத்துகிறேன்! வெறும் காகிதம் என்று மேடையில் சொல்லச் சொல்ல, அது வெறும் காகிதமாகத்தான் ஆகும்.

உண்மையில் அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் அதிகம் இல்லை, வயது அப்படி. கை தட்டியவர்களில் பாதிப் பேர் தமிழ்மொழி விழாவுக்குப் பிள்ளைகளைப் பேச்சுப்போட்டிக்குக் கூட்டி வருகிறவர்கள். அக்கா, அண்ணே, நீங்கள் எதற்குக் கை தட்டினீர்கள்?