கொரீட்சியா கோட்டைக்குப் போகிறவர்களுக்கு

இந்த வாரம் மட்டும் மூன்று நண்பர்கள், இத்தாலியில் ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி இருக்கிற கொரீட்சியா ஊரின் கோட்டைப் படங்களைப் போட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் எழுதியிருப்பது ஒரே வரி: "ஆயிரம் வருடப் பழமையான கோட்டை." படங்கள் நன்றாகவே இருக்கின்றன. அந்த வரியைப் பார்த்ததும்தான் மனசு கேட்கவில்லை. பக்கத்து இத்தாலியத் துறைமுக நகரமான த்ரியெஸ்தேவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தக் குன்றில் எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

ஆயிரம் வருடப் பழமை கோட்டைக்கு இல்லை, ஊரின் பெயருக்கு. 1001-ல் பேரரசர் மூன்றாம் ஓட்டோ கொடுத்த தானப் பத்திரத்தில் அது முதன்முதலாக வருகிறது. ஸ்லாவ் மக்களின் மொழியில் கொரீட்சா என்று சொல்லப்படும் ஊர் என்று எழுதி, அதில் பாதியை அக்குவிலேயா திருச்சபைத் தலைவரான மறைமுதல்வருக்குக் கொடுத்தார். மறுபாதி இந்த வட்டாரமான ஃப்ரியுலியின் பிரபுவுக்குப் போனது. கொரீட்சா என்றால் சின்ன மலை. எங்கள் திண்டுக்கல்லில் சிறுமலை என்கிறோமே, அர்த்தம் அதேதான்.

2023 நவம்பரில் அப்பா இங்கே வந்திருந்தபோது ரயிலில் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், "ஏம்மா, அந்த ஊருக்கு முதல் பத்திரமே பாகப்பிரிவினைப் பத்திரமா இருக்கே" என்றார். இத்தனை தடவை போய்வந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

கோட்டைக்கு வருகிறேன். கொரீட்சியா பிரபுக்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1500-ல் கடைசிப் பிரபு லியோன்ஹார்டு வாரிசில்லாமல் இறந்தார், ஊர் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்திடம் போனது. நடுவில் வெனிஸ்காரர்கள் ஒரு வருடம்போல வைத்திருந்தார்கள், நெப்போலியன் ஆட்களும் வந்து போனார்கள். மற்றபடி 1918 வரை இது ஆஸ்திரிய ஊர்தான். தெருவில் ஃப்ரியுலியன், ஸ்லோவேனியம், ஜெர்மன், இத்தாலியன் நான்கும் கேட்கும்.

முதல் உலகப்போரில் இந்த ஊர் ஓரம் ஓடும் இசோன்சோ நதிக்கரையில் மட்டும் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் 12 சண்டைகள் நடந்தன. ஸ்லோவேனியர்களுக்கு அதே நதி சோச்சா. 1916 ஆகஸ்டில் நடந்த ஆறாவது சண்டையில் இத்தாலி ஊரைப் பிடித்தது, அடுத்த வருடம் கபொரெத்தோவில் தோற்றுப் பின்வாங்கியபோது இழந்தது. இந்த அடிதடியில் கோட்டை குண்டு விழுந்து இடிந்துபோனது. இன்று நாம் ஏறிப் பார்ப்பது 1934-லிருந்து 1937-க்குள் எடுத்துக் கட்டியது.

இடிந்ததைத் திரும்பக் கட்டியதில் எனக்குக் குறையே இல்லை. என் ஆதங்கம் வேறு. போருக்கு முன் அந்தக் கோட்டை இப்படி இருக்கவில்லை. வெள்ளைப் பூச்சுப் பூசிய, மறுமலர்ச்சிக் காலத்து மாளிகை மாதிரியான கட்டடம் அது. பல தலைமுறைகள் கண்ணால் பார்த்த கொரீட்சியா கோட்டை வெள்ளைதான். 1930-களில் அந்தப் பூச்சை விட்டுவிட்டு, கல் தெரிகிற இடைக்காலக் கோட்டையாக அதை ஆக்கினார்கள். அது எந்தக் காலம்? ஸ்லோவேனியப் பள்ளிகளை மூடி, குடும்பப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றிய பாசிச ஆட்சிக் காலம். நாலு நூற்றாண்டு ஆஸ்திரியச் சாயலைத் துடைத்துவிட்டு, தமக்குப் பிடித்த நூற்றாண்டை மட்டும் கல்லில் நிறுத்தியதாகவே எனக்குப் படுகிறது. இதை நுழைவுச்சீட்டுக் கொடுக்கிற இடத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். உள்ளே போனதும் கவசமும் கல்லெறியும் பொறியும் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள், இப்படியேதான் எப்போதும் இருந்தது என்று நம்பிக்கொண்டு போகிறார்கள். உள்முற்றத்தில் பழைய கோபுரத்தின் அடித்தளத் தடம் தரையில் தெரியும். உண்மையான இடைக்காலம் அங்கேதான் கிடக்கிறது. அதை மிதித்துக்கொண்டு செல்ஃபிக்கு நிற்கிறோம்.

அப்பா கவசங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக மதில் நடைக்குப் போய்விட்டார். கிழக்குப் பக்கம் நின்று, "இதுல பார்டர் எதும்மா?" என்று கேட்டார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. வேலி இல்லை, ஆறு இல்லை, மலை முகடு இல்லை. சிவப்பு ஓட்டுக் கூரைகள், மரங்கள், அதற்கப்புறம் வெள்ளை அடுக்குமாடிகள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவர், "ஓடு முடிஞ்சு மாடிவீடு ஆரம்பிக்குதே, அதுதானே?" என்றார். கிட்டத்தட்ட அதுவேதான்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இந்த எல்லையைப் போட்ட 1947 பாரிஸ் ஒப்பந்தம் அந்த வருடம் செப்டம்பரில் ஒரு நடு இரவில் நடைமுறைக்கு வந்தது. பழைய ஊரும் கோட்டையும் இத்தாலிக்கு. வடக்கு ரயில் நிலையமும் கிழக்குப் பக்கத்துக் கிராமங்களும், ஸ்லோவேனியா அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவுக்கு. கோட்டையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்த மக்கள், தங்கள் சந்தையையும் ஆஸ்பத்திரியையும் பள்ளியையும் ஒரே ராத்திரியில் இழந்தார்கள். அவர்களுக்காக 1948-லிருந்து வயல்வெளியில் கட்டிய ஊர்தான் நோவா கொரீட்சா, புதிய கொரீட்சா. வரைபடம் போட்டவர் எட்வர்ட் ராவ்னிகார் என்ற ஸ்லோவேனியக் கட்டடக் கலைஞர், லெ கொர்பூசியேயின் மாணவர். அப்பா கண்டுபிடித்த அந்த வெள்ளை மாடிகள் அவைதான்.

கோட்டை மதிலிலிருந்து பார்க்கிறவர்கள் இன்னொரு குன்றையும் தேட வேண்டும். கொஸ்தான்யெவிட்சா மடம். பிரான்சை விட்டு ஓடிவந்த மன்னர் பத்தாம் சார்ல்ஸ் 1836 நவம்பரில் இந்த ஊரில் காலரா கண்டு இறந்தார், அந்த மடத்தில் புதைத்தார்கள். அப்போது இரண்டும் ஒரே ஊர். இன்று இறந்த இடம் இத்தாலியில், கல்லறை ஸ்லோவேனியாவில்.

மன்னருக்காவது மடம் முழுசாகக் கிடைத்தது. பக்கத்திலிருக்கிற மீரென் கிராமத்துக்காரர்களுக்கு அதுவும் இல்லை. கோடு அவர்கள் இடுகாட்டின் நடுவிலேயே போனது. 1970-களின் நடுப்பகுதி வரை கல்லறைகளுக்கு நடுவே எல்லை. இதைச் சொன்னபோது அப்பா மதில் கல்லில் கை வைத்தபடி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நாங்க வரப்புத் தகராறுன்னு போனாக்கூட, நடுவுல சமாதி இருந்தா சங்கிலியைத் தள்ளிப் புடிப்போம்மா. சமாதி மேல யாரும் சங்கிலி போடமாட்டோம்."

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த நாள் 1950 ஆகஸ்ட் 13. எல்லை திறக்கப்போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பி, ஆயிரக்கணக்கானவர்கள் சோதனைச் சாவடியில் கூடி, காவலைத் தாண்டி யூகோஸ்லாவியாவிலிருந்து இத்தாலிப் பக்கம் வந்துவிட்டார்கள். மூன்று வருடமாகப் பார்க்காத அக்கா தங்கைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் கடைக்காரர்கள் கடையைத் திறந்தார்கள். வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனது துடைப்பம்! யூகோஸ்லாவியாவில் அப்போது துடைப்பத்துக்குத் தட்டுப்பாடு. தோளில் துடைப்பத்தோடு சாயங்காலம் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். இன்றும் அதற்குப் பெயர் துடைப்ப ஞாயிறு. கோட்டையின் ஆயிரம் வருடத்தைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு நாளையும் சொல்லலாமே.

அப்புறம் நடந்து அந்தப் பழைய வடக்கு ரயில் நிலையத்துக்குப் போனோம். 1906-ல் திறந்தது. நிலையம் ஸ்லோவேனியாவில், எதிரே இருக்கிற சதுக்கத்தில் பாதி இத்தாலியில். இத்தாலியர்களுக்கு அது திரான்சால்பீனா, ஸ்லோவேனியர்களுக்கு ஐரோப்பாச் சதுக்கம். நடுவே நின்ற வேலியை 2004-ல், ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது எடுத்தார்கள். அந்த இடத்தில் தரையில் ஒரு வட்டத் தகடு. எல்லாரும் இரண்டு நாட்டிலும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிற இடம். அப்பா குனிந்து, தகட்டின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பழக்கம். சர்வே கல்லை யாராவது நகட்டியிருக்கிறார்களா என்று முதலில் அப்படித்தான் பார்ப்பாராம்.

அதே இடத்தில் 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில், மறுபடி வேலி போட்டார்கள். வேலிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்த காதலர்களையும் பாட்டிகளையும் இந்த ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜூனில் எடுத்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை இத்தாலி திரும்பக் கொண்டுவந்தது. நாங்கள் போனது அதற்கு ஒரு மாதம் கழித்து. திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு போலீஸ் வண்டி. மரியாதையாகத்தான் கேட்டார்கள். அப்பா சட்டைப் பைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, திருப்பித் தரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெரியவரும் காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டபடி அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

2025-ல் இந்த இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமாக இருந்தன. மனசார சந்தோஷப்பட்டேன். ஆனால் இரண்டு நாட்டுக்கும் ஒரே பந்தல் போட்டுக் கொண்டாடிய ஊரில் காய்கறி வாங்கிவருகிற மனிதரை நிறுத்தி அட்டை கேட்பது சரியில்லை. பாதுகாப்புக்காக என்கிறார்கள். இந்த ஊர் மக்கள் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

எனவே, போகிறவர்கள் தயவுசெய்து கோட்டையில் தொடங்காதீர்கள். முதலில் திரான்சால்பீனா சதுக்கம். அங்கிருந்து நடந்து ஊருக்குள் வந்து, ராஸ்தெல்லோ தெரு வழியாகக் குன்றின்மேல் ஏறுங்கள். நிதானமாக நடந்தாலும் பெரிய தூரமில்லை. மேலே கோட்டைக்குப் பக்கத்திலேயே முதல் உலகப்போர் அருங்காட்சியகம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாகக் கிழக்கு மதிலில் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அப்பாவுக்குக் காட்டுவேன். அந்தப் போலீஸ் வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறதா என்று ஃபோனில் பேசும்போதெல்லாம் கேட்கிறார்.