தானாக வந்த தும்பை

ஐப்பசி மழைக்கு முளைத்த தும்பை இப்போது மார்கழியில் படியோரம் முழுக்கப் பூத்து நிற்கிறது. நான் விதைக்கவில்லை, ஒரு குவளை தண்ணீர்கூட ஊற்றவில்லை. நேற்று பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, காசு கொடுத்துச் செடி வாங்கி வைக்கிற. இந்தக் களையை ஏன் பிடுங்காம வச்சிருக்க?" அங்கேயே நிதானமாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தும்பையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பச்சை உருண்டை ஒன்று, அதைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். பூவின் கீழ் உதடு அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். தேனீ வந்து இறங்குவது அதில்தான். காலை எட்டு மணிக்கு வெயில் ஏறியதும், வயிற்றில் நீல வரி போட்ட ஒரு தேனீ வரும். ஒரு பூவில் இரண்டு நொடிகூட நிற்காது. நானூறு ரூபாய் கொடுத்து வாங்கி வைத்த அடுக்கு ரோஜா பக்கம் அது திரும்பியதே இல்லை. போருக்குச் சூடிய பூவென்று ஒரு திணைக்கே தும்பை பெயரை வைத்தவர்கள் நாம். அதற்கு வீட்டு வாசலில் ஓரடி இடம் கொடுக்க ஏன் யோசிக்க வேண்டும்?

மூலையில் ஓர் எருக்கு, காற்றில் விதை பறந்து வந்து முளைத்தது. அதன் இலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழுக்கள் இருக்கும். பயந்து மருந்தடித்துவிடாதீர்கள், அவை வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள்.

அதற்காக முளைத்ததையெல்லாம் விடச் சொல்லவில்லை. பார்த்தீனியத்தைக் கண்டால் அன்றைக்கே பிடுங்கிவிடுவேன். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி, இன்று நம் ஊர்க் காலிமனைகளையெல்லாம் பிடித்துவிட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் பட்டால் சிலருக்குத் தடித்துப்போகும். கேரட் இலை மாதிரித் தரையோடு படர்ந்திருக்கும்போதே, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு எடுத்துவிட வேண்டும், வெள்ளைப் பூ வரும்வரை விடவே கூடாது. உண்ணிச்செடியும் அப்படித்தான். அழகுக்கென்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது, இன்று முதுமலைக் காட்டுக்குள் புதராக மண்டிக்கிடக்கிறது. அதே சமயம், வெளியிலிருந்து வந்ததெல்லாம் ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். மூக்குத்திப்பூவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். வெயில் காலத்தில் சின்னப் பட்டாம்பூச்சிகள் அதில்தான் தேன் குடிக்கின்றன. எது மற்றதை நெரிக்கிறது, எது ஒதுங்கி வளர்கிறது என்று செடி செடியாகப் பெயர் தெரிந்து பார்க்கத்தான் வேண்டும்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடம் முன்பு நான் வேலைக்குப் போயிருந்த நேரம், தோட்டத்தைச் சுத்தம் செய்ய வந்தவர் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போய்விட்டார். தும்பை, கீழாநெல்லி, குப்பைமேனி எல்லாம் கருகிவிட்டன. அடுத்த மழைக்கு அந்த மொட்டைத் தரையில் முதலில் வந்தது எது தெரியுமா? பார்த்தீனியம்தான். வெறும் மண்ணைக் கண்டால் அது விடாது. பிடுங்கிப் பிடுங்கித் தும்பையை மறுபடி கொண்டுவர எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

பாம்பு வரும் என்று அக்கா பயப்படுவது நியாயம்தான். அதனால் நடைபாதையின் இருபக்கமும் இரண்டடிக்கு எதையும் வளர விடுவதில்லை, செங்கல்லையும் விறகையும் குவித்து வைப்பதில்லை. நாயுருவி மட்டும் பாதையோரம் வேண்டாம், சேலை முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

இன்று காலை அக்காவின் பேத்தியைக் கூப்பிட்டு, ஒரு தும்பைப் பூவை உருவி அடியை உறிஞ்சிப் பார்க்கச் சொன்னேன். "இனிக்குது பாட்டி!" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்தார். இன்னும் நாலு பூ வேண்டுமாம், பிள்ளைக்கு.